அரிவாளா, குறிப்பேடா? ஈரப்புல்வெளித் தொண்டில் எதைத் தேர்வது

ஈரப்புல்வெளிக் காப்பகம் ஒன்றில் தன்னார்வலராகச் சேரப் போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், தொலைபேசி எண், அவசரத்துக்கு யாரை அழைப்பது, டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்ற கேள்விகளுக்குக் கீழே ஐந்து கட்டங்கள் இருந்தன: புல் அறுவடை, புதர் வெட்டுதல், அயல்நாட்டுக் களை பறித்தல், கணக்கெடுப்பு, மாடு பார்த்தல். விருப்பமானதை டிக் செய்ய வேண்டும். நான் ஐந்தையும் டிக் செய்தேன். காப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, “இதில் எதற்கு உங்களை நம்பலாம்?” என்று கேட்டார். சுருக்கென்று தைத்தது. பதில் தெரியவில்லை. அதன்பின் சில ஆண்டுகளில் ஐந்தையும் செய்து பார்த்தாயிற்று. ஒன்றில் நன்றாகவே சறுக்கினேன். இன்று அதே படிவத்தோடு யாராவது என்னிடம் வந்தால் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

பலரும் இதை உடலுழைப்பா, மூளை வேலையா என்று பிரித்துப் பார்க்கிறார்கள். முதுகுவலிக்காரர் கணக்கெடுப்புக்குப் போகலாம், இளவட்டங்கள் புதர் வெட்டலாம் என்று ஒரு கணக்கு. ஒரு நாள் முழுக்கச் சதுரச் சட்டத்துக்குள் செடி எண்ணிவிட்டு எழுந்தவரின் முழங்காலைக் கேட்டால் அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்று தெரியும். காப்பாளர் கேட்டதுதான் உருப்படியான கேள்வி. நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் என்ன ஆகும்? சில வேலைகளில் ஒன்றும் ஆகாது, மற்றவர்கள் சேர்ந்து முடித்துவிடுவார்கள். சிலவற்றில் ஓராண்டின் பதிவே ஓட்டையாகிவிடும். ஒன்றில், ஒரு பசு கழுத்தளவு சேற்றில் இரவு முழுக்க நிற்கும். ஐந்தையும் அந்தத் தராசில் வைத்தே பார்க்கிறேன்.

அதற்கு முன், இந்த நிலத்துக்கு மனிதக் கை ஏன் தேவை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஈரப்புல்வெளியைச் சதுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் ஆறு கரைமீறி வந்து வாரக்கணக்கில் நிற்கும். கோடையில் நீர் இறங்கி, தரைக்குக் கீழே ஒரு முழம், இரண்டு முழம் ஆழத்தில் தங்கும். அந்த இடைப்பட்ட ஈரத்தில்தான் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் புல் அறுத்தார்கள், அறுத்தபின் மாடு மேய்த்தார்கள். வெள்ளம் கொண்டுவரும் வண்டலில் பாஸ்பரஸ் வருகிறது; அறுத்த புல்லோடு அது வெளியே போகிறது. இந்த வரவு செலவு நின்றுபோனால் உரமேறிய மண்ணில் முரட்டுப் புல் எழும்பும், பின்னால் நாணல் வரும், அதன்பின் வில்லோ மரம் வரும். பூக்களுக்கு வெளிச்சம் போய்விடும்.

“இயற்கையை அதன் போக்கில் விட்டால் போதாதா” என்று கேட்பவர்களுக்குப் பரத்பூரைத்தான் காட்டுவேன். ராஜஸ்தானில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982இல் எருமை மேய்ச்சலைத் தடைசெய்தார்கள். பறவைகளுக்கு நல்லது என்று எண்ணிச் செய்த காரியம்தான். எருமைகள் போனதும் பாஸ்பாலம் என்ற புல் நீர்ப்பரப்பெங்கும் படர்ந்து மூடிக்கொண்டது, நீர்ப்பறவைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு, எருமைகள்தான் அந்த இடத்தைத் திறந்து வைத்திருந்தன என்று காட்டியது. மேய்ச்சல்காரர்களை வெளியேற்றிவிட்டு அவர்கள் செய்த வேலையை வேறு யாரோ செய்ய வேண்டிவந்தது. ஈரப்புல்வெளித் தன்னார்வலர் என்பவர், சுருக்கமாகச் சொன்னால், அந்த எருமையின் இடத்தில் நிற்பவர்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களுக்கும் 1980களுக்கும் இடையில் தாழ்நிலத்துப் பழைய புல்வெளிகளில் 97 சதவீதம் உழப்பட்டோ உரமிடப்பட்டோ மறைந்துவிட்டன. மிஞ்சிய துண்டுகளில் ஒன்று வில்ட்ஷயரின் கிரிக்லேடு ஊரை ஒட்டிய நார்த் மெடோ. 44 ஹெக்டேர்தான். பிரிட்டனில் தானாக வளரும் பாம்புத்தலை ஃப்ரிட்டிலரி மலர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் அங்கே இருப்பதாகச் சொல்கிறார்கள். தலைகவிழ்ந்த ஊதா மணிபோல், மேலே சதுரங்கக் கட்டம் போட்ட மலர். அங்கே கோடையில் புல் அறுத்து, ஆகஸ்ட் 12 முதல் பொது மேய்ச்சலுக்குத் திறந்துவிடும் வழக்கம் பழங்காலத்திலிருந்து தொடர்கிறது. அந்தத் தேதி தொடர்வதால்தான் மலரும் தொடர்கிறது.

இனி வேலைகள். புல் அறுவடைதான் எல்லாரையும் இழுப்பது. படங்களில் பார்த்திருப்பீர்கள்: விடியற்காலை மூடுபனி, வரிசையாக நின்றபடி நீண்ட பிடி அரிவாளை வீசும் ஆட்கள். பார்க்க அழகுதான். போலந்தின் பியெப்ஷா சதுப்புப் பகுதியில் இதற்குப் போட்டியே நடக்கிறது. ஆனால் அரிவாள் பிடிக்க நினைத்துப் போகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அறுவடை வாரத்தில் அரிவாள் வேலை கொஞ்சம், வாரும் வேலையே மிச்சம். என் அனுபவத்தில் ஓர் அரிவாளுக்கு மூன்று வாரி, அதாவது புல்லை வாரும் பல் வைத்த கோல், தேவைப்படும். அறுத்த புல்லை அங்கேயே விட்டுவிட்டால் அது மக்கி உரமாகி, அறுத்த பயனையே தின்றுவிடும். இரண்டு மூன்று நாள் கிடந்து விதை உதிரட்டும், பூச்சிகள் வெளியேறட்டும் என்று விடுவதுண்டு. அதன்பின் ஒவ்வொரு தாளையும் வாரிச் சுமந்து வெளியேற்ற வேண்டும். ஈரப்புல் எடை அதிகம். தார்ப்பாய் விரித்து அதில் குவித்து, நால்வர் நாலு முனையைப் பிடித்து இழுத்துப் போவோம். கால் புதையும். நடுவில் ஒருவர் விழுவார். சிரிப்போம். மூன்றாம் நாள் சிரிப்பு குறைந்துவிடும்.

அரிவாளைப் பற்றியும் கொஞ்சம். “அறுக்க மாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாளாம்” என்ற பழமொழியின் முழுப் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது. முதல் நாள் நான் தோள் பலத்தால் வெட்டினேன். புல் சாய்ந்து படுத்துக்கொண்டது, அறவில்லை. பக்கத்தில் எழுபது வயதுப் பெண்மணி ஒருவர், மூச்சுகூட வாங்காமல், இடுப்பிலிருந்து திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அவர் அலகு தரையை ஒட்டி வழுக்கிக்கொண்டே போனது, தரையைவிட்டு எழவே இல்லை. சத்தமும் வேறு: என் அரிவாள் ‘சட், சட்’ என்றது, அவருடையது துணியைக் கிழிப்பதுபோல ஒரே நீளமாக. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, இடுப்புக் குப்பியில் தண்ணீரோடு இருக்கும் சாணைக்கல்லை எடுத்து அலகின் இரு பக்கமும் நாலைந்து இழுப்பு இழுப்பார். “கல்லுக்குக் கொடுக்காத நேரத்தைத் தோள் கொடுக்க வேண்டிவரும்” என்றார். பனி காயும் முன் அறுப்பதுதான் முறை. ஈரத் தாள் நிமிர்ந்து நின்று அலகுக்குக் கொடுக்கும், வெயில் ஏறியதும் வதங்கி வளைந்துவிடும். இதைக் கற்க ஒரு நாள் பயிற்சி போதும், கைவர மூன்று கோடை வேண்டும்.

இயந்திரம் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். நிலம் தாங்கினால் இயந்திரம்தான் சரி. நாற்பது ஹெக்டேரை அரிவாளால் அறுக்க நினைப்பது வீம்பு. பியெப்ஷாவிலேயே நீர்க் கதிர்க்குருவியின் இருப்பிடத்தைக் காக்க, பனிச்சறுக்கு மைதானங்களில் பனியைச் சமன்செய்யும் அகலச் சங்கிலிச் சக்கர வண்டிகளைப் புல் வெட்டும் வண்டிகளாக மாற்றி ஓட்டுகிறார்கள். டிராக்டர் இறங்கினால் புதைகிற மூலைகள், வாய்க்கால் ஓரங்கள், அரிய செடி நிற்கும் திட்டுகள் ஆகியவைதான் கைக்கு மிச்சம். ஆகவே பெரிய காப்பகத்தில் அறுவடைத் தன்னார்வலர் என்றால் ஓரம் பார்ப்பவர். இரண்டு மூன்று ஹெக்டேர் கொண்ட சிறிய காப்பகத்தில் அவர்தான் எல்லாமே. சேரும் முன் பரப்பளவைக் கேளுங்கள்.

எப்போது அறுப்பது என்பதில் வல்லுநர்களே சண்டை போடுவார்கள். அதைத் தெரிந்துகொண்டு போனால், வந்த இடத்தில் “இன்று அறுக்கவில்லை, தள்ளிப்போட்டாயிற்று” என்று கேட்கும்போது எரிச்சல் வராது. பூக்கள் விதை உதிர்த்தபின், புல் முற்றிப்போகும் முன், ஜூலையில் அறுப்பது பழைய வழக்கம். மத்திய ஐரோப்பாவில் கிரேட் பர்னெட் என்ற செந்நிறப் பொத்தான் பூச்செடி நிற்கும் வெளிகளில் அது ஆபத்தாக முடியலாம். ஒருவகை நீல வண்ணத்துப்பூச்சிகள் அந்தப் பூத்தலையில்தான் முட்டையிடும். புழு அதற்குள்ளேயே சில வாரம் தின்று வளர்ந்து, பிறகு தரையில் விழும். எறும்பு அதைத் தன் குஞ்சு என்று ஏமாந்து கூட்டுக்குத் தூக்கிப்போகும். கூட்டுக்குள் போன விருந்தாளி அங்கே எறும்பின் புழுக்களையே தின்று பெரிதாகும். ஜூலை நடுவில் அறுத்தால் முட்டையும் புழுவும் வாரியோடு வந்துவிடும். ஆகவே அத்தகைய இடங்களில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முற்பகுதிவரை அரிவாள் படாது. ஆல்ப்ஸ் அடிவாரங்களில் மாட்டுக்குப் படுக்கை விரிக்க அறுத்த புல்வெளிகளுக்கு இலையுதிர்காலமே பருவம். தரையில் கூடுகட்டும் பறவை தாமதித்தால் இன்னொரு கணக்கு. உங்கள் விடுமுறையை ஜூலை இரண்டாம் வாரம் என்று முன்கூட்டியே குறித்துவிட்டு வந்தால் ஏமாற வாய்ப்புண்டு.

வராவிட்டால் என்ன ஆகும்? அறுவடையில் ஒருவர் குறைந்தால் வேலை நீளும், நின்றுவிடாது. ஊர் கூடி இழுக்கும் தேர் அது. ஆண்டில் ஒரு வாரம்தான் ஒதுக்க முடியும் என்பவருக்கும், வெளியூரிலிருந்து வந்து தங்கிச் செய்பவருக்கும் இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

புதர் வெட்டுதல் குளிர்கால வேலை. பறவைகள் கூடுகட்டும் மாதங்களை விட்டு, பெரும்பாலும் செப்டம்பரிலிருந்து பிப்ரவரிவரை. கைரம்பம், நீளப்பிடிக் கத்தரி, கையுறை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். புல்வெளிக்குள் புகுந்த இளம் வில்லோக்களை அடியோடு வெட்டி இழுத்துக் குவிப்பது. உடல் சூடேறும், கண்ணெதிரே வெளி திறக்கும், மாலையில் திரும்பிப் பார்த்தால் செய்தது தெரியும். மனத்துக்கு இதைப்போல உடனடிக் கூலி தரும் வேலை வேறில்லை. அதனால்தானோ என்னவோ, எல்லா இடத்திலும் இதற்குத்தான் ஆள் கூட்டம். ஆனால் அந்தக் கூலியில் கொஞ்சம் ஏமாற்றும் உண்டு. வெட்டிய வில்லோ அடிக்கட்டை வசந்தத்தில் பத்துக் கிளைவிடும். ஈர மண்ணில் தவறவிட்ட குச்சிகூட வேர்பிடிக்கும். நான் ஒரு ஜனவரியில் வெட்டிய திட்டுக்கு அடுத்த ஆகஸ்டில் போனேன். என் தோளுயரத்துக்குத் தளிர். அடுத்தடுத்த ஆண்டுகளில் தளிரை அறுக்கவோ மேய்க்கவோ ஆள் இல்லையென்றால், அந்தக் குளிர்கால உழைப்பு மரத்துக்குக் கவாத்து செய்த கதைதான். எனவே புதர் வெட்டப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி: “போன ஆண்டு வெட்டிய இடத்தை இந்த ஆண்டு யார் பார்க்கிறார்கள்?” அதற்குத் தெளிவான பதில் இல்லாத காப்பகத்தில் நீங்கள் நல்ல உடற்பயிற்சி செய்யலாம், அவ்வளவுதான்.

அயல்நாட்டுக் களை பறித்தலைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஐரோப்பிய ஆற்றோரங்களில் அதன் முதல் எதிரி இமயமலைத் தும்பை. நமக்குத் தெரிந்த காசித்தும்பையின் நெருங்கிய உறவு. 1839இல் தோட்ட அழகுக்காக பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஆளுயரத்தைத் தாண்டி வளரும், முற்றிய காயைத் தொட்டால் வெடித்து 7 மீட்டர்வரை விதை தெறிக்கும். வேர் ஆழமில்லை, குழந்தைகூடப் பிடுங்கலாம். காய் பிடிக்கும் முன் பிடுங்க வேண்டும், ஆற்றின் மேல்முனையிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும். கீழே சுத்தம் செய்துவிட்டு மேலே விட்டுவைத்தால் அடுத்த வெள்ளம் விதையைக் கொண்டுவந்து கொட்டும். விதை மண்ணில் நெடுங்காலம் உயிரோடு இருப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டு விடாமல் பறித்தால் அந்த இடத்தில் தோற்கடித்துவிடலாம். ஒரே ஒரு நாள் வந்து பார்க்க விரும்புகிறவருக்கும், குடும்பத்தோடு வருகிறவருக்கும் இது. கற்க வேண்டியது பத்து நிமிடம்.

கணக்கெடுப்புதான் நான் சறுக்கிய இடம்.

வண்ணத்துப்பூச்சி நடையை ஏற்றுக்கொண்டேன். பிரிட்டனில் 1976இலிருந்து நடக்கும் திட்டத்தின் முறையே பல நாடுகளில் பரவியிருக்கிறது: ஒரே தடத்தில், ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை 26 வாரமும், வாரம் ஒருமுறை நடக்க வேண்டும். நடப்பவரைச் சுற்றி 5 மீட்டர் அளவுள்ள ஒரு கற்பனைப் பெட்டிக்குள் வரும் பூச்சிகளை மட்டும் எண்ண வேண்டும். பகல் பத்தே முக்காலிலிருந்து மூன்றே முக்கால்வரை. 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் எண்ணக் கூடாது, மழையில் கூடாது. வாரம் ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தேன். ஆனால் அந்த ஒரு மணி நேரம் நம் ஓய்வுக்கு வருவதில்லை, வெயிலின் ஓய்வுக்கு வருகிறது. திங்கள் முதல் வெள்ளிவரை அலுவலகத்தில் அடைந்துகிடக்கும்போது வெளியே பளீரென்று அடிக்கும். சனி, ஞாயிறு தூறும். முதலாண்டு ஜூலையில் மூன்று வாரம் தொடர்ந்து விட்டுவிட்டேன். ஓரிரு வாரம் விடுபட்டால் முன்பின் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடலாம். பூச்சி உச்சத்தில் பறக்கும் மூன்று வாரமும் போனால் எதை வைத்து எதை மதிப்பிடுவது? அந்த ஆண்டு என் தடத்தில் இரண்டு இனங்களுக்குக் கணக்கே இல்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. அட்டவணையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்கும்போது இன்னமும் உறுத்துகிறது.

அந்த வகையில் கணக்கெடுப்பு ஒரு கடன்பத்திரம். கையெழுத்துப் போட்டால் தவணை கட்ட வேண்டும். ஆனால் எல்லாக் கணக்கெடுப்பும் ஒரே மாதிரி இல்லை, இதைப் படிவம் சொல்லாது. தாவரக் கணக்கெடுப்பு அறுவடைக்கு முன், ஜூன் மாதத்தில் சில நாட்களில் முடிந்துவிடும். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைக் குறித்த இடங்களில் போட்டு, உள்ளே நிற்கும் இனங்களையும் அவை மூடும் பரப்பையும் எழுதுவது. தேதி ஓரளவு நெகிழும், ஆனால் படிப்பு வேண்டும். பூக்காத புல்லை இலையின் அடிநாக்கை (இலை தண்டோடு சேருமிடத்தில் நிற்கும் சிறு சவ்வை)ப் பார்த்து அடையாளம் காணக் கற்க எனக்கு இரண்டு பருவம் ஆயிற்று. பறவைக் கணக்கெடுப்பு வசந்த காலத்தில் சில விடியற்காலைகள். காது தேறியிருக்க வேண்டும். ஆட்காட்டியின் கூட்டம் உங்கள் தலைக்குமேல் கத்திக்கொண்டு வட்டமிட்டால், கூட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள், எண்ணாமல் விலகிப்போங்கள் என்று பொருள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் கேட்டுவாங்காத ஒன்று: நீர்மட்டம் பார்த்தல். தரைக்குள் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்கள் இறக்கியிருப்பார்கள். மூடியைத் திறந்து, அளவுநாடாவை விட்டு, தண்ணீர் தரைக்குக் கீழே எத்தனை செ.மீ. என்று எழுதுவது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெயிலோ மழையோ, காலையோ மாலையோ. பூவும் இல்லை, பறவையும் இல்லை, பேச்சுத் துணைக்கு ஆளும் இல்லை. ஆனால் ஒரு ஈரப்புல்வெளியின் தலைவிதியே அந்த எண்ணில்தான் இருக்கிறது. வசந்தத்தில் நீர் மேலேயே நின்றுவிட்டால் வேர் மூச்சுத்திணறிப் பூச்செடிகள் பின்வாங்கும், கோரை முன்னேறும். சீக்கிரம் இறங்கிவிட்டால் உள்ளான் தன் நீண்ட அலகைக் குத்திப் புழு எடுக்க முடியாதபடி மண் இறுகிவிடும். மதகுப் பலகையை ஒன்று ஏற்றுவதா இறக்குவதா என்று காப்பாளர் முடிவுசெய்வது இந்தக் குறிப்பேட்டைப் பார்த்துத்தான். வானிலையை நம்பாத வேலை என்பதால் அலுவலகம் போகிறவருக்கும் ஒத்துவரும். ஐந்து கட்டங்களில் இதற்கென்று தனிக் கட்டம் இல்லை. கேட்டால்தான் தருவார்கள்.

மாடு பார்த்தல் என்றால் மேய்த்தல் இல்லை. மேயும் கூட்டத்தை நாள்தோறும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், உங்கள் முறை வாரத்தில் ஒரு நாளோ இரு நாளோ வரும். தலைகளை எண்ணுங்கள், நொண்டுகிறதா பாருங்கள், குடிநீர் இருக்கிறதா, வேலி சரியா, கண்ணில் ஈ மொய்க்கிறதா. இருபத்திரண்டு மாடு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்றுதான் எண்ண முடிகிறது என்றால், அந்த ஒன்றைக் காணும்வரை வீடு திரும்ப முடியாது. ஒருமுறை நான் நாணலுக்குள் ஒரு மணி நேரம் தேடி, கடைசியில் அது எனக்குப் பின்னால், வந்த வழியிலேயே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன். அது என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை. வசந்தத்தில் மாடு அதிகமானால் ஆட்காட்டியின் கூடு மிதிபடும்; நாலு முட்டையை ஏறக்குறைய நாலு வாரம் தரையில் வைத்து அடைகாக்கும் பறவை அது. அந்தப் பருவத்தில் எத்தனை தலை, எந்தப் பகுதியில் என்பது காப்பாளரின் முடிவு. நீங்கள் பார்த்துச் சொல்வதை வைத்து அது மாறலாம். வராவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்: சேறு. உங்கள் முறைக்கு வர முடியாவிட்டால் மாற்று ஆளைப் பிடித்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். காப்பகத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவுக்குள் குடியிருக்காதவர் இதை ஏற்கவே கூடாது என்பது என் கருத்து. மாட்டைக் கண்டு பயப்படுகிறவரும்தான்.

எதைத் தேர்ந்தாலும் சில தொல்லைகள் பொது. உண்ணி கடிக்கும், அது பரப்பும் லைம் நோய் உள்ள பகுதிகளில் வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஓரம் பார்த்துவிடுவது கட்டாயம். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் கீறல் இருந்தால் மூடிக்கொண்டு இறங்குங்கள், கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். ஒரு காப்பகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பூட்ஸைக் கழுவி உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் களைவிதையையும் தவளைகளைக் கொல்லும் பூஞ்சையையும் நாமே சுமந்துபோவோம். இதையெல்லாம் முதல் நாளே சொல்லித்தராத காப்பகம் மற்றவற்றிலும் அப்படித்தான் இருக்கும்.

இனித் தேர்வு. உங்களுக்கு எத்தனை நேரம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வதைவிட, எந்த நேரத்தை உறுதியாகச் சொல்ல முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் பத்து மணி நேரம் கிடைக்கும், ஆனால் எப்போது என்று தெரியாது என்றால் புதர் வெட்டுதலும் களை பறித்தலும்தான். ஆண்டில் ஒரு வாரம் முழுதாகக் கிடைக்கும், தேதி கொஞ்சம் தள்ளிப்போனாலும் பாதகமில்லை என்றால் அறுவடை. இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஆனால் தவறாமல் என்றால் நீர்மட்டம். பகல்பொழுது உங்கள் கையில் இருக்கிறது என்றால், ஓய்வு பெற்றவராகவோ முறைமாறி வேலை பார்ப்பவராகவோ இருந்தால், வண்ணத்துப்பூச்சி நடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எப்போதும் ஆள் பஞ்சம். அருகில் குடியிருந்து மாட்டோடு பழகியவர் என்றால் காப்பாளர் உங்களை விடவே மாட்டார்.

புதிதாக வருகிறவர்களை முதல் கோடையில் வாரி பிடிக்கச் சொல்லுவேன், கணக்கெடுப்புக்கு உடனே போக வேண்டாம் என்பேன். செடியைப் படிக்காமல் வந்தாலும் மூன்று நாள் வாரினால் எந்தப் புல் எங்கே அடர்த்தி, எந்த மூலை இன்னும் ஈரம், எங்கே தவளை தாவுகிறது என்பதெல்லாம் முதுகு வழியாக ஏறிவிடும். வாரிய புல்லைக் குவித்த மேட்டை அடுத்த வசந்தத்தில் கிளறியபோது, வெள்ளைத் தோல்போல் சுருண்ட முட்டை ஓடுகள் கொத்தாகக் கிடந்தன. புல்பாம்பு. மக்கும் குவியலின் சூட்டில் அது முட்டையிடும் என்று நான் படித்திருக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் சொன்னார். அன்றிலிருந்து குவியலை எங்கே போடுவது என்பதிலும் எனக்கு அபிப்பிராயம் வந்துவிட்டது.

நான் இப்போது வைத்திருப்பது இரண்டு: அறுவடை வாரம், ஏழு நீர்மட்டக் குழாய்கள். வண்ணத்துப்பூச்சித் தடத்தை ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவர் வந்தபின் அட்டவணையில் வெற்றிடம் இல்லை. நேற்று ஐந்தாம் குழாயில் 48 செ.மீ. இருந்தது, இரண்டு வாரத்துக்கு முன் 39. வானிலை இப்படியே நின்றால் திங்கட்கிழமை அறுக்கத் தொடங்கலாம் என்று காப்பாளர் சொல்லியிருக்கிறார். என் வாரியில் மூன்று பல் போய்விட்டது, அதற்குள் செதுக்கிப் போட வேண்டும்.